ஒரு டிரம் நிலாத் தூசி

விமானத்தைக் கணக்கில் சேர்க்காவிட்டால், நான் வாழ்நாளில் எட்டிய அதிகபட்ச உயரம் கல்வராயன் மலையில் இருக்கும் வெள்ளிமலை பஸ் நிறுத்தம். அதற்குள்ளாகவே கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டு தடவை வாந்தி எடுத்தாகிவிட்டது. இப்படிப்பட்ட ஒருத்திக்கு இருபது வருடத்துக்கும் மேலாக, நிலாவைப் பற்றி யோசிப்பதற்கென்று மாதச் சம்பளம் கொடுத்துவருகிறார்கள்.

சம்பளம் வாங்கிக்கொண்டு நான் என்ன செய்தேன் என்றால், கட்டுரை எழுதினேன். நிலாவின் மண்ணைப் பற்றி மட்டும் நிறைய. அவற்றை எத்தனை பேர் படித்திருப்பார்கள் என்று ஒருநாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். என்னோடு சேர்ந்து எழுதியவர்கள், குறை சொல்வதற்காகவே படித்தவர்கள், இந்த இரண்டு கூட்டத்தையும் கழித்தால் ஒரே ஒருவர் மிஞ்சினார். அவரும் பிறகு வேறு துறைக்குப் போய்விட்டார். தமிழிலும் அவ்வப்போது ஒரு வார இதழில் எழுதுவேன். அதை என் அக்கா தவறாமல் வாங்குவாள். வாங்கி, என் பக்கத்தைப் பிரித்து, "போட்டோ நல்லால்லடி" என்பாள். விமர்சனம் அத்துடன் முடிந்துவிடும்.

எழுதியதைத் தவிர ஒரு பொருளும் செய்தேன். சப்பாத்திக் கட்டை பருமனில், ஒரு முழ நீளத்தில், முனை கூர்ந்த ஓர் உலோகக் குழாய். உள்ளே சின்னதாக ஒரு சுத்தியல். நிலாவில் இறக்கிவிட்டால், அது தன்னைத்தானே தட்டித் தட்டி மண்ணுக்குள் புதைந்துகொள்ளும். புதைந்த பிறகு உள்ளே எவ்வளவு சூடு என்று ஒரு கம்பி வழியாகச் சொல்லி அனுப்பும். எங்கள் ஆய்வுக்கூடத்தில் அதற்கு நீளமான ஆங்கிலப் பெயர் இருந்தது. நான் ஊசி என்றே சொல்லிவந்தேன். அதைச் செய்து முடிக்கப் பதினோரு வருடம் ஆனது. அதே பதினோரு வருடத்தில் என் அக்கா இரண்டு பிள்ளைகளைப் பள்ளி முடிக்க வைத்து, ஒரு வீட்டையும் கட்டி முடித்தாள். இதை அவள் ஒருபோதும் சொல்லிக் காட்டியதில்லை. வீட்டை மட்டும் அடிக்கடி சுற்றிக் காட்டுவாள்.

நிலாவுக்குப் போகவிருந்த ஒரு கலத்தில், ஐந்தடுக்கு டிபன் கேரியர் வைக்கிற அளவுக்கு ஓர் இடம் காலியாக இருந்தது. அதற்கு இரண்டு பேர் போட்டி. ஒன்று என் ஊசி. மற்றது ஒரு கேமரா. கேமராவைப் பிடிக்காத மனிதர் உலகத்தில் கிடையாது. ஊசியைப் பார்த்தால் குழந்தைகள்கூட அழும். தேர்வுக் குழு எனக்கு ஒரே ஒரு நிபந்தனை விதித்தது: நிலாவின் மண் போன்ற மண்ணில், எங்கள் கண்ணெதிரே, ஊசி முழுசாக இறங்க வேண்டும். இறங்கினால் இடம் உனக்கு.

ஆக, எனக்கு ஒரு டிரம் நிலா தேவைப்பட்டது.

நிலாவின் மண் பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. கறுப்புக் கல்லை உடைத்து, உடைத்ததை மறுபடி உடைத்து, முகப்பவுடர் மாதிரி ஆகும்வரை நொறுக்கினால் கிட்டத்தட்ட அதுதான். பவுடர் மென்மையாக இருக்கும். இது கண்ணாடிச் சில்லு மாதிரி முனை முனையாக இருக்கும், அவ்வளவே வித்தியாசம். அந்தக் கறுப்புக் கல், எங்கள் ஊர்ப்பக்கம் கல்லறைகளுக்குப் பளபளப்பாகப் போடுகிறார்களே, அதே கல். நான் சங்கராபுரத்துக்காரி. அக்காவைக் கட்டிக்கொடுத்தது கச்சிராயபாளையம் தாண்டி மலையடிவாரத்தில். அக்காவின் வீட்டுக்காரர், அதாவது என் மாமா, அங்கே கிரஷர் வைத்திருக்கிறார். பாறையை ஜல்லியாகவும் மணலாகவும் உடைக்கிற ஆலை. இத்தனை வசதி கடவுள் செய்து கொடுத்திருக்கும்போது வேறு எங்கே போவது?

மாமாவுக்கு மூன்று பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதி அனுப்பினேன். எந்தக் கல், எத்தனை முறை அரைக்க வேண்டும், துகள் எந்த அளவில் எவ்வளவு இருக்க வேண்டும் என்று வரைபடத்தோடு. "அனுப்புனது கெடச்சுது. நீ ஒண்ணும் கவலப்படாத, நிலாவுக்குன்னா நாங்க சும்மா உடுவமா?" என்றார் போனில். எனக்கு அந்த வாக்கியம் அப்போது இனிமையாக இருந்தது.

குழு கூடுவதற்கு ஆறு நாள் இருக்கும்போது, ஊசியைக் காரில் போட்டுக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். கிரஷர் ஓடவில்லை. ஷெட் பளிச்சென்று இருந்தது. வாசலில் எட்டு மூட்டை, ஒவ்வொன்றின் நெற்றியிலும் சந்தனம், குங்குமம். பக்கத்தில் செருப்புகள் வரிசையாகக் கிடந்தன.

"ஆளுங்க ஒருத்தரும் செருப்போட தொடல," என்றார் மாமா. "மேல போற பொருளுன்னு அவ்வளோ பயபக்தி. பொட்டு வெச்சது அவுங்க. நானு நம்ம சர்ச்சு பங்குச் சாமியாரக் கூட்டாந்து மந்திரிச்சி தண்ணியும் தெளிச்சாச்சி."

மூட்டையைப் பிரித்துக் கையை விட்டேன். விரலிடுக்கில் சலசலவென்று கொட்டியது. கையை வெளியே எடுத்துப் பார்த்தேன். வெள்ளைச் சேலையில் துடைத்தாலும் கறை படாத கை.

"மாமா, தூசி எங்க?"

மாமாவின் முகத்தில் ஒரு பெருமை பரவியதே, அதை நான் மறக்க மாட்டேன். "அதான் இல்ல! மூணு தபா கழுவியிருக்கேன். கட்டடத்துக்குப் போற மணலயே ரெண்டு தபாதான் கழுவுறது. தூசி கொஞ்சம் ஜாஸ்தியா இருந்தா இன்ஜினியரு லோடயே திருப்பி உட்டுடுவான். உன்னுத எவனாச்சும் திருப்பி உட்டா நம்ம மானம் இன்னா ஆவறது?"

எனக்கு வேண்டியதே தூசிதான். அதைத்தான் மூன்று தடவை தண்ணீர் விட்டுப் போக்கியிருந்தார்கள். தண்ணீர் ஓடாத ஓர் உலகத்தின் மண்ணுக்கு, ஆலைத் தண்ணீர் ஒன்று, மந்திரித்த தண்ணீர் ஒன்று. அவரைக் குறை சொல்ல முடியாது. என் மூன்று பக்கத்தை எடுத்துப் பார்த்தேன். துகள் அளவுக்கு அட்டவணை இருந்தது, அடிக்குறிப்பு இருந்தது, "கழுவ வேண்டாம்" என்ற இரண்டு சொல் இல்லை. என் துறையில் யாருக்கும் அதை எழுதத் தோன்றியிருக்காது. மாமாவின் துறையில் கழுவாமல் கொடுக்க யாருக்கும் தோன்றியிருக்காது.

"சரி, இன்னொரு தடவ அரைங்க."

"எங்க அரைக்கிறது? உன் கறுப்புக் கல்லு மிஷின் பல்லயே தின்னுட்ச்சி. புதுப் பல்லு கோயமுத்தூர்லேர்ந்து வரணும். பத்து நாளு."

"கழுவுன தண்ணி எங்க போச்சு?"

"குட்டைக்கி. அந்தச் சேத்த அள்ளி ரோட்டுப் பள்ளத்துல கொட்டி, மேல லாரியும் போய்ட்ச்சி."

"ஷெட் மேல, தகரத்து மேல?"

"சாமியாரு வர்றாருன்னு அதயும் கழுவிட்டோம்," என்றார், இந்த முறை கொஞ்சம் மெதுவாக.

என் கலக்கத்தைப் பார்த்த மாமா ஒரு யோசனை சொன்னார். ஊசியைத்தான் கொண்டுவந்திருக்கிறாயே, இதிலேயே இறக்கிப் பார். டிரம்மில் அந்தச் சுத்தமான மணலைக் கொட்டி ஊசியை நட்டு ஓட விட்டேன். டக், டக், டக். பத்து நிமிடத்தில் கேசரியில் கரண்டி இறங்குகிற மாதிரி முழுசாக இறங்கிவிட்டது. அக்கா கைதட்டினாள்.

"எறங்கிட்ச்சே! அப்புறம் இன்னாடி மூஞ்சத் தூக்கி வெச்சிக்கினு இருக்க?"

"இது மணல்க்கா. ஊசி ஒரு அடி அடிச்சதும் மணல் சரிஞ்சு வந்து அதப் பிடிச்சுக்குது, அதனால பின்னால எகிறாது. தூசி அப்படி இல்ல. ஓட்டைச் சுவர் அப்படியே நிக்கும். ஊசி அகலமான ஓட்டையில ஆணி மாதிரி நின்ன எடத்துலயே குதிக்கும். குதிக்குமா இறங்குமான்னுதான் பாக்கணும்."

"யாரு பாக்கணும்? வர்றவங்களுக்கு இது மணலு, அது தூசின்னு தெரியுமா?"

தெரியாது என்பதுதான் உண்மை. குழுவில் இருப்பவர்கள் பெரியவர்கள். ராக்கெட் தெரியும், கணக்குத் தெரியும், மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்தவர் ஒருவரும் இல்லை. கறுப்பாக ஒரு டிரம்மைக் காட்டினால் போதும். எட்டு மூட்டையையும் மாமாவின் மினி லாரியில் ஏற்றினேன். ஏற்றிவிட்டு, வேறு வேலை இல்லாதவள் போல, ஒரு தூரிகையும் நாலு பிளாஸ்டிக் கவரும் எடுத்துக்கொண்டு வேலி ஓரமாக நடந்தேன். கிரஷருக்குக் கிழக்கே மரவள்ளித் தோட்டம். இலை ஒவ்வொன்றும் விபூதி பூசிய மாதிரி இருந்தது. ஓர் இலையைப் பிடித்துத் தூரிகையால் தட்டிக் கவரில் விழவைத்தேன். அப்படியே முப்பது இலை தட்டியிருப்பேன். ஒரு ஸ்பூன்கூடத் தேறவில்லை.

"மேடம்! மேடம்! வாங்க, வாங்க!"

தோட்டத்துக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வரப்பில் ஓடிவந்தார். என்னைவிட ஐந்தாறு வயது பெரியவராக இருப்பார். கண்ணில் அவ்வளவு சந்தோஷம்.

"ரெண்டு வருசமா மனு மேல மனு போட்டுக்கினு இருக்கேங்க. இன்னிக்கித்தான் உங்களுக்கு வழி தெரிஞ்சிதா? பரவால்ல. கவர்ல எடுக்கறீங்களா? எடுங்க, எடுங்க. நல்லா கீழ்க் குச்சியில இருந்து எடுங்க, அங்கதான் ஜாஸ்தி."

கிரஷர் தூசியைப் பற்றி அவர் புகார் கொடுத்திருக்கிறார். நான் அதை விசாரிக்க வந்த அதிகாரி. நான் வாயைத் திறப்பதற்குள் கையில் ஒரு சொம்பு மோர் வந்துவிட்டது. "இலயில இன்னா இருக்கு? மாடிக்கி வாங்க" என்று கூட்டிக்கொண்டு போனார்.

அவர் வீட்டு மொட்டை மாடிக்கு ஏறினோம். மூலைக்கு மூலை தார்ப்பாய் விரித்திருந்தது. அதன்மேல் மெத்தென்று தூசி, யார் காலும் படாமல். சுவரோரமாகப் பன்னிரண்டு சிமென்ட் சாக்கு, வாய் கட்டி, ஒவ்வொன்றிலும் மார்க்கரால் மாதமும் வருடமும் எழுதி.

"அதிகாரி வந்து பாக்கறப்ப அத்தாட்சி வேணும்னு ஒரு வருசமா பெருக்கறதே இல்லீங்க. ஒரு மாசம் உழுந்தத மழ படாம ஒரு சாக்குல கட்டி வெச்சிடறது. வத்தல் காய வைக்கவும் எடமில்ல. எம் பொண்டாட்டி திட்டாத திட்டில்ல."

ஒரு சாக்கை அவிழ்த்து விரலால் தேய்த்தேன். பவுடர். கல் சாதாரணக் கல்தான், ஆனால் ஊசிக்குத் துகள்தான் முக்கியம். முனை முனையாக, காய்ந்து, தண்ணீர் படாமல், காற்று தானே சலித்துக் கொண்டுவந்து போட்டது. இருபது வருடத்தில் எந்த ஆய்வுக்கூடத்திலும் இவ்வளவு ஒழுங்காகத் தேதி போட்டு வைத்த மண் மாதிரியை நான் கண்டதில்லை. அழுகை வரும்போல இருந்தது. அதனால்தான் உண்மையைச் சொல்லிவிட்டேன், நேர்மையால் அல்ல. நான் அதிகாரி இல்லை, நிலாவை ஆராய்கிறவள், இந்தத் தூசி எனக்கு வேண்டும், கிரஷர்காரர் என் அக்கா வீட்டுக்காரர்.

"அவரு மச்சினிச்சியா நீங்க?"

மோர்ச் சொம்பைத் திருப்பி வாங்கவில்லை. அந்த அளவுக்கு மரியாதை தெரிந்தவர்.

"தூசிய அள்ளிக்கினு போய்ட்டா என் அத்தாட்சி போய்டும். நல்ல ஏற்பாடு பண்ணி அனுப்சிருக்காரு."

இல்லை இல்லை என்று நான் சொல்லச் சொல்ல அவர் சாக்குகளுக்கு முன்னால் வந்து நின்றுகொண்டார். கடைசியில் கேட்டார்: "இத்த வெச்சி இன்னா பண்ணுவீங்க?"

"சோதனை பண்ணுவேன். அப்புறம் கட்டுரை எழுதுவேன்."

"அதுல தூசி எங்கேர்ந்து வந்திச்சின்னு எழுதுவீங்களா?"

"எழுதித்தான் ஆகணும். எங்க எடுத்தது, எவ்வளவு தூரம், எத்தனை மாசத்துல எவ்வளவு சேந்துது, எல்லாம் எழுதாம விட்டா அச்சடிக்கவே மாட்டாங்க."

அவர் சாக்குகளை ஒரு முறை எண்ணினார். பிறகு நகர்ந்து வழிவிட்டார். "ஆறு சாக்கு எடுத்துக்கங்க. ஆறு இங்க இருக்கும். எழுதுனத எனக்கொண்ணு அனுப்பணும். அந்த எடத்த மட்டும் தமிழ்லயும் எழுதி, கையெழுத்துப் போட்டு."

விஷயத்தை மாமாவிடம் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. அக்காதான் சொன்னாள். மாமா நிதானமாகக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "எழுதட்டும், எழுதட்டும். இவ எழுதறத எவன் படிக்கிறான்?"

என் எழுத்தைப் பற்றி இதுவரை வந்த கருத்துகளில் அதுதான் மிகச் சரியானது என்று அப்போது எனக்கும் பட்டது.

வேலை பார்க்கும் ஊருக்குத் திரும்பினேன். பின்னால் மினி லாரியில் எட்டு மூட்டை மணல், ஆறு சாக்கு தூசி. ஒன்றில் ஊசி இறங்கும் என்று தெரியும். இன்னொன்றில் தெரியாது. அந்த ஐந்து நாளும் ஆய்வுக்கூடத்தில் இரண்டையும் அக்கம்பக்கமாக வைத்துக்கொண்டு நடந்தேன். ஒத்திகை பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை, பார்த்தால் மணலுக்குப் போய்விடுவேன் என்று பயம். குழு வந்த அன்று காலையில் தூசியை டிரம்மில் கொட்டித் தட்டித் தட்டி இறுக்கினேன். தும்மிக்கொண்டே ஊசியை நட்டேன்.

டக், டக், டக். ஒரு சாண் இறங்கியது. குழுத் தலைவர் தலையை ஆட்டினார். பிறகு ஊசி நின்றது. நின்ற இடத்திலேயே, அகல ஓட்டையில், பொரிகடலை வறுபடுகிற மாதிரி குதித்துக்கொண்டிருந்தது. கால் மணி நேரம் குதித்துவிட்டுப் பக்கவாட்டில் சாய்ந்து படுத்துக்கொண்டது.

தலைவர் நல்ல மனிதர். மூலையில் சந்தனம் குங்குமத்தோடு இருந்த மூட்டைகளைப் பார்த்து, "அதுவும் நிலா மண்தானே? அதில் ஒரு முறை பார்க்கலாமே?" என்றார்.

பதினோரு வருடம் என் வாயில் வந்து நின்றது. "அது கழுவியது சார்," என்றேன். "நிலாவில் கழுவ ஆளில்லை."

கேமராவுக்கு இடம் கிடைத்தது. மூன்று நாள் ஊசிக்குள் புகுந்த தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். நான்காம் நாள், வேறு என்ன தெரியும் எனக்கு, உட்கார்ந்து கட்டுரை எழுதினேன். ஊசி ஏன் இறங்கவில்லை என்பதைப் பற்றி. வெற்றியைப் பற்றி எழுதியதையெல்லாம் சீண்டாதவர்கள், தோல்வி என்றதும் வரிசையில் நின்று படித்தார்கள். எங்கெங்கிருந்தோ கடிதம் வந்தது. அவரவர் ஊசியும் குதித்திருக்கிறது. சொன்ன சொல்படி தோட்டத்துக்காரருக்கு ஒரு பிரதி அனுப்பினேன், அந்தப் பத்தியைத் தமிழில் எழுதிக் கையெழுத்துப் போட்டு.

அவர் அதை லேமினேட் செய்து, அடுத்த மனுவோடு சேர்த்துக் கொடுத்திருக்கிறார். இந்த முறை அதிகாரி வந்தார். நிலாவில் இருக்கிற அளவுக்குத் தூசி மரவள்ளியில் இருக்கிறது என்று ஒரு விஞ்ஞானியே எழுதிக்கொடுத்த பிறகு வராமல் இருக்க முடியுமா? மிச்சமிருந்த ஆறு சாக்கையும் சீல் வைத்து எடுத்துப் போனார்கள். மாமா கிரஷரைச் சுற்றித் தகரச் சுவர் எழுப்பி, மிஷின் வாயிலும் பெல்ட் மேலும் தண்ணீர் தெளிக்கிற குழாய் போட வேண்டியதாயிற்று.

மாமா என்னோடு பேசுவதை நிறுத்தினார். போனை எடுத்து அக்காவிடம் கொடுத்துவிடுவார். "இத்தன வருசம் எழுதுன, ஒருத்தனுக்கும் ஒண்ணும் ஆவல," என்றாள் அக்கா. "மொத மொத வேல செஞ்சது உங்க மாமாகிட்டதானா? ஆனா ஒண்ணுடி. என் வூட்டுலயும் இப்ப தூசி கம்மி. அவருகிட்ட சொல்லாத."

இதற்குள் ஊசிக்கு நான் நாலு சின்ன வில் இறக்கைகள் வைத்திருந்தேன். ஓட்டைச் சுவரை இடுக்கிப் பிடித்துக்கொள்ளும்படி. அடுத்த கலம் ஒன்று வரப்போவதாகவும், திருத்திக்கொண்டு வந்தால் பார்க்கலாம் என்றும் குழு சொல்லியிருந்தது. முதல் ஆறு சாக்குத் தூசியும் பலமுறை இடிபட்டு முனை மழுங்கிவிட்டது. புதுத் தூசி வேண்டும். தூசி வரும் வழியை நானே எழுதி அடைத்திருக்கிறேன்.

வேறு வழியில்லாமல் போய் மாமாவின் முன் நின்றேன். அரை நாள் தண்ணீரை நிறுத்திவிட்டு ஓட்டச் சொன்னேன். ஆறு மாதத்துக்குப் பிறகு முதல் முறையாக என்னிடம் பேசினார். "என்னய ஜெயில்ல வெச்சிட்டுத்தான் நிலாவுக்குப் போவியா நீ? போயி அந்த ஆளுகிட்ட கேளு. அவரு ஆட்சேபண இல்லன்னு எழுதிக் கொடுத்து, ஆபீசும் சரின்னு சொன்னா ஓட்டறேன்."

வாழ்நாளில் எனக்கு வராத ஒரு வகை எழுத்தை அன்று எழுதினேன். "ஐயா, ஒரு நாள் காலை மட்டும் தூசி கிளப்ப அனுமதி வேண்டி" என்று ஆரம்பிக்கும் விண்ணப்பம். தோட்டத்துக்காரர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார்.

"கெழங்கு புடுங்குன பொறவு வெச்சிக்கங்க. பன்னெண்டு மணியோட நிறுத்திடணும். இன்னொண்ணு. அது ஓடறவரிக்கும் நீங்க எங்க மாடியில ஒக்காந்து இருக்கணும். உங்க மாமாவும்."

"மாமா எதுக்கு? அவர் மிஷின் பாக்கணுமே."

"மிஷின ஆளு பாத்துக்கும். எம் பொண்டாட்டி பதினஞ்சு வருசமா ஒக்காந்துக்கினு இருக்கா. நீங்க ரெண்டு பேரும் ஒரு காலயில ஒக்காருங்களேன்."

அனுமதி வந்தது. கிழங்கு பிடுங்கிய ஒரு வாரத்தில், காலை எட்டு மணிக்கு, புதுத் தார்ப்பாய்க்கு ஓரத்தில் நாலு நாற்காலி போட்டு, நானும் அக்காவும் மாமாவும் தோட்டத்துக்காரரும் முகமூடி கட்டிக்கொண்டு உட்கார்ந்தோம். கிரஷர் கத்த ஆரம்பித்தது. முதலில் மலை மறைந்தது. பிறகு கிரஷரே மறைந்தது. பத்து மணிக்கு மாமாவின் மீசை எனக்குத் தெரியவில்லை. நிலாவின் மண் எப்படிப் படியும், எங்கே ஒட்டும், ஏன் உதிராது என்று நான் எழுதிய அத்தனையும் என் கண் இமையிலேயே நடந்துகொண்டிருந்தது. கட்டுரையில் எழுதாதது ஒன்று: பல்லில் நறநறக்கும்.

"தெனம் இப்பிடியா இருந்திச்சி?" என்று மாமா முகமூடிக்குள்ளிருந்து கேட்டார்.

"இன்னிக்கி காத்து கம்மிங்க," என்றார் தோட்டத்துக்காரர்.

 பன்னிரண்டு மணிக்கு மிஷின் நின்றதும் மாமாவே எழுந்து துடைப்பத்தை எடுத்துத் தார்ப்பாயைக் கூட்டி, தகரச் சுவருக்குள் அன்று குவிந்ததையும் ஆள் விட்டு வரவழைத்து, டிரம்மில் அள்ளிக் கொட்டினார். போன தடவை போல ஐந்து நாள் பயந்துகொண்டு நடக்க எனக்குத் தெம்பில்லை. அங்கேயே, அந்த மாடியிலேயே ஊசியை நட்டேன்.

டக், டக், டக். ஒரு சாண் இறங்கியது. நின்றது. அக்கா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். ஊசி ஒரு முறை குதித்தது. இறக்கை எங்கேயோ பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். டக். விரலளவு இறங்கியது. டக். இன்னொரு விரல். முக்கால் மணி நேரம் நாலு பேரும் டிரம்மைச் சுற்றி நின்றோம். கடைசியில் ஊசியின் தலையும் உள்ளே போய், வெளியே கம்பி மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது.

"எங்க போச்சி?" என்றார் தோட்டத்துக்காரர்.

"அடியில."

"வெளிய எப்பிடி வரும்?"

"வராது. அங்கயே இருக்கத்தான் செஞ்சிருக்கு."

"இத்தன வருசம் பாடுபட்டுச் செஞ்சிட்டு, திரும்பி வராத எடத்துக்கா அனுப்புறீங்க?"

"ஆமாங்க."

அவர் மாமாவைப் பார்த்தார். மாமா அவரைப் பார்த்தார். இத்தனை வருடச் சண்டைக்குப் பிறகு அவர்கள் ஒன்றுபட்ட முதல் கருத்து என்னைப் பற்றியதுதான் என்பது இருவர் முகத்திலும் தெரிந்தது. பிறகு குழுவுக்குக் காட்ட ஊசி வேண்டும் என்று எனக்கு நினைவு வந்தது. மாமா சட்டைக் கையை மடித்துக்கொண்டு ஒரு பக்கமும், தோட்டத்துக்காரர் இன்னொரு பக்கமும், தோள்வரை கையை விட்டுத் தோண்ட ஆரம்பித்தார்கள்.